நீல டிராகன்: நடுக்கடலில் மல்லாந்து மிதக்கும் நத்தை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் 'நீல டிராகன்' ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. அது என்ன பிராணி, எங்கிருந்து வந்தது, சொல்வது போல அவ்வளவு கொடிய விஷமா, கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியான பதில் இதுதான். அது ஓடில்லாத ஒரு கடல் நத்தை. அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். கரையோரத்துப் பிராணியே கிடையாது. நடுக்கடலின் மேற்பரப்பில் ஆயுள் முழுக்க மிதந்து திரிவது. சொந்தமாகக் கொட்டும் ஆயுதம் எதையும் உண்டாக்கத் தெரியாது. தின்ற இரையிடமிருந்து அதை எடுத்து வைத்துக்கொள்கிறது. வெறும் கையால் எடுத்தால் கொட்டும், நன்றாகவே வலிக்கும். இவ்வளவு போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எப்படி, ஏன் என்று கேட்பவர்களுக்கு மீதி.

முதலில் அளவு. படங்களைப் பார்த்தவர்கள் ஒரு சாண் நீளமாவது இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். வளர்ந்த பிராணியே பெரும்பாலும் 3 சென்டிமீட்டர்தான். 4 சென்டிமீட்டரைத் தொட்டால் பெரிய ஆள். இணையத்தில் சுற்றும் படங்கள் எல்லாம் மிக அருகில் வைத்து எடுத்தவை. பக்கத்தில் ஒரு விரலோ நாணயமோ இல்லாததால் டிராகன் டிராகனாகவே தெரிகிறது. மணலில் கிடக்கும்போது இறக்கை மாதிரி விரிந்த பகுதிகள் எல்லாம் உடம்போடு ஒட்டிச் சுருங்கிவிடும். அப்போது அது நீல மை சிந்திய ஒரு சின்னக் கட்டியாகத்தான் தெரியும். நூறு பேர் நடந்து போனால் ஒருவர் கண்ணில்கூடப் படாது.

உடலமைப்பைச் சொல்கிறேன். சங்கு, சிப்பி, கணவாய் எல்லாம் சேர்ந்த மெல்லுடலிகள் என்ற பெருங்கூட்டத்தில் இதுவும் ஒன்று. அதற்குள் 'நியூடிபிராங்க்' என்ற பிரிவு இருக்கிறது: வளர்ந்த பருவத்தில் ஓடே இல்லாத கடல் நத்தைகள். உலகம் முழுக்க ஏறத்தாழ 3,000 இனங்கள். பவளப்பாறை, பாறைக்குழி, கடலடித் தரை என்று எங்காவது ஊர்ந்து கொண்டிருப்பவைதான் அவற்றில் மிகப் பெரும்பாலானவை. மன்னார் வளைகுடாவில் முங்குகிறவர்கள் பார்க்கும் வண்ண வண்ண நத்தைகளும் இந்தக் கூட்டமே. நீல டிராகன் மட்டும் தரையையே விட்டுவிட்டது.

மெல்லிய, கூர்ந்து முடியும் உடல். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகக் கை போன்ற நீட்சிகள். ஒவ்வொரு நீட்சியின் நுனியிலும் விசிறியாக விரியும் விரல்கள். இந்த விரல்களுக்கு 'செராட்டா' என்று பெயர். மொத்தம் 84 வரை இருக்கலாம். மூச்சு விடுவது இவற்றின் தோல் வழியாக. செரிமானச் சுரப்பியின் கிளைகள் ஓடுவதும் இவற்றுக்குள்தான். ஆயுதக் கிடங்கும் இவற்றின் நுனியிலேயே. ஒரே உறுப்புக்கு இத்தனை வேலை. அந்தக் கிடங்கைப் பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பிராணியிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

இப்போது அது வாழும் இடம். கடல் என்றால் நமக்கு ஆழம்தான் நினைவுக்கு வரும். ஆனால் காற்றும் தண்ணீரும் சந்திக்கும் அந்த மெல்லிய மேல்மட்டமே சில உயிர்களுக்கு முழு வீடு. இப்படி வாழ்பவற்றை 'நியூஸ்டன்' என்கிறார்கள். ஒளிய ஒரு கல் கிடையாது, செடி கிடையாது. மேலே பறவை, கீழே மீன். வெயில் நேராகத் தலையில் விழும். எந்தத் திசையில் போவது என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கும். நீல டிராகனின் நிறம், மிதக்கும் விதம், உணவு, ஆயுதம், கடைசியில் கரையில் வந்து சாவது வரை எல்லாமே இந்த ஓர் இடத்தில் வாழ வேண்டிய கட்டாயத்திலிருந்து வருகின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

மிதப்பது எப்படி? காற்றை விழுங்கி வயிற்றில் ஒரு குமிழியாக வைத்துக்கொள்கிறது. அந்தக் குமிழி இருக்கும் இடத்தின் காரணமாக உடல் மல்லாந்துவிடுகிறது. அதாவது நத்தைகள் எந்தப் பாதத்தால் தரையில் ஊர்ந்து போகுமோ, அந்தப் பாதம் இங்கே வானத்தைப் பார்த்து இருக்கும். முதுகு கீழே கடலைப் பார்த்து இருக்கும். படங்களில் நாம் ரசிக்கும் அந்தப் பளீர் நீலம் வயிற்றுப் பக்கத்து நீலம். முதுகு வெறும் வெள்ளி கலந்த சாம்பல் நிறம்.

மத்தி, அயலை போன்ற மீன்களைக் கவனித்திருப்பீர்கள்: முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு முதுகு கடலின் நிறத்தோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். நீல டிராகனிலும் அதே ஏற்பாடுதான், ஆனால் பிராணி தலைகீழாக மிதப்பதால் வண்ணமும் தலைகீழாகிவிட்டது. வயிறு நீலம், முதுகு வெள்ளி. இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல நச்சுப் பிராணிகளின் அடர்ந்த நிறம் 'என்னைத் தொடாதே' என்ற எச்சரிக்கை. தரையில் வாழும் கடல் நத்தைகள் பலவற்றுக்கு அது பொருந்தும். அதே விளக்கத்தை அப்படியே தூக்கி நீல டிராகனுக்கும் போட்டுவிடுகிறார்கள். நடுக்கடலில் நீலம் கண்ணில் படுகிற நிறமா? ஒளிந்துகொள்கிற நிறம். வெளிர்மணலில் கிடக்கும்போதுதான் அது நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. மணலில் கிடப்பது அதன் வாழ்க்கையில் இல்லாத ஒரு நிலை.

அதன் அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாருமே நீலம் என்பதும் தற்செயல் இல்லை. நம் மீனவர்கள் பொதுவாகச் சொறி என்று சொல்லும் கூட்டத்தில் மூன்று வகை இங்கே முக்கியம். ஒன்று, ப்ளூ பாட்டில் என்று பலரும் சொல்லும் ஃபைசேலியா: நீலக் காற்றுப்பை மேலே, கொட்டும் இழைகள் கீழே. ஒரே பிராணி போலத் தோன்றினாலும் அது வெவ்வேறு வேலை செய்யும் பல உறுப்பினர்கள் ஒட்டி வாழும் ஒரு கூட்டமைப்பு. இழைகள் 10 மீட்டர் வரை தொங்குவது சாதாரணம். பெரியவற்றில் 30 மீட்டர் வரை போகும். இரண்டாவது பார்ப்பிட்டா: பொத்தான் அளவு வட்டத் தட்டு, சுற்றிலும் நீல இழைகள். மூன்றாவது வெலெல்லா: நீள்வட்ட மிதவைமேல் கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பாய். இவற்றோடு ஜாந்தினா என்ற ஊதா நத்தை. இதற்கு ஓடு உண்டு. சளியில் காற்றுக் குமிழிகளைப் பிடித்து ஒரு தெப்பம் கட்டி, அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே போகும். நீல டிராகனுக்கு இவை வழித்துணை. சாப்பாடும் இவைதான்.

தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஃபைசேலியாவைக்கூட இது விடுவதில்லை. கிட்டே நெருங்கியதும் பற்றிக்கொண்டு, உறுதியான தாடையாலும் ரம்பப் பற்கள் கொண்ட நாக்குப் பட்டையாலும் துண்டு துண்டாக அறுத்துத் தின்னும். செராட்டாவை அசைத்து மெதுவாக நகர முடியும்தான், ஆனால் துரத்திப் பிடிக்கிற வேகம் எல்லாம் கிடையாது. காற்று ஒரே பக்கமாக எல்லாரையும் தள்ளி ஒன்று சேர்க்கும்போது இரை தானாகப் பக்கத்தில் வந்து சேர்கிறது. மிதவைகள் அகப்படாவிட்டால் ஜாந்தினா. அதுவும் இல்லாவிட்டால் இன்னொரு நீல டிராகன். சொந்த இனத்தைத் தின்பதில் அதற்குத் தயக்கம் ஏதும் இல்லை.

சரி, இப்போது ஆயுதக் கிடங்குக்கு வருவோம்.

சொறிகள் கொட்டுவது எப்படி என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அவற்றின் இழைகளில் கொட்டும் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நெமட்டோசிஸ்ட் என்ற ஒரு நுண்ணிய உறை. உறைக்குள் அழுத்தமான திரவமும், சுருட்டி வைத்த ஒரு நூலும். சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பித் திணித்து வைத்தது போல அந்த நூல் உள்மடங்கிக் கிடக்கும். தூண்டல் கிடைத்ததும் உள்ளிருந்து வெளியே புரட்டிக்கொண்டு பாய்ந்து தோலைக் குத்தி நஞ்சைச் செலுத்தும். ஹைட்ரா என்ற நன்னீர் உயிரியில் இதை அதிவேகக் கேமராவால் அளந்திருக்கிறார்கள். உறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 150 மடங்கு. குத்தும் கட்டம் முடிய ஆகும் நேரம் 700 நானோ நொடி. உயிர் உலகில் மிக வேகமான அசைவுகளில் ஒன்று இது.

இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான உறைகளை ஒரு சின்ன நத்தை வாயில் போட்டு மென்று விழுங்குகிறது. அவை ஏன் வாயிலேயே வெடிப்பதில்லை? கொஞ்சம் வெடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஈயோலிட் என்ற பிரிவைச் சேர்ந்த கடல் நத்தைகளுக்கு, நீல டிராகனும் அதில் ஒன்று, பல அடுக்குப் பாதுகாப்பு உண்டு. தோலைப் பூசியிருக்கும் சளி, உறைகள் தூண்டப்படுவதை மட்டுப்படுத்துகிறது. தோல் செல்களுக்குள் கைட்டின் என்ற உறுதியான பொருளாலான நுண்துகள்கள் நிறைந்திருக்கும். பூச்சிகளின் ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின். குத்த வருகிற நூலுக்கு அது ஒரு கவசம்.

அப்புறம் முதிராத உறைகளின் விஷயம். ஸ்புரில்லா நியாப்பொலிட்டானா என்ற உறவுக்கார நத்தையில் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. இன்னும் வெடிக்கத் தயாராகாத, பச்சைப் பருவத்து உறைகளே அந்த நத்தையின் உடலுக்குள் சேமிக்கப்பட்டு, பிறகு அங்கேயே அமிலத்தன்மை ஏறி முதிர்கின்றன என்று அது காட்டியது. அதாவது திருடிய துப்பாக்கியில் குண்டு போடுவது திருடனின் வீட்டில் வைத்து நடக்கிறது.

விழுங்கிய உறைகள் வயிற்றிலிருந்து செரிமானச் சுரப்பியின் கிளைகள் வழியாக ஒவ்வொரு செராட்டாவுக்குள்ளும் போகும். நுனியில் ஒரு பை. அந்தப் பையின் சுவரில் உள்ள செல்கள் உறைகளைச் செரிக்காமல் முழுதாக உள்வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும். நுனியில் ஒரு துவாரமும் உண்டு. யாராவது கடித்தாலோ பிடித்து அமுக்கினாலோ பை சுருங்கி, உறைகள் அந்தத் துவாரம் வழியே வெளியே வந்து வெடிக்கும். சேமிப்பு தீர்ந்தால் அடுத்த சாப்பாட்டில் மறுபடி நிரப்பிக்கொள்ளும். சாப்பிடாத நீல டிராகன் ஆயுதமில்லாத நீல டிராகன்.

இதில் ஒரு தேர்வும் நடக்கிறது. டி. இ. தாம்சன், இசொபெல் பென்னெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1969-இல் வெளியிட்ட கட்டுரை இந்த விஷயத்தில் அடிப்படையானது. ஆஸ்திரேலியக் கரையில் குளித்தவர்களைக் கிளாக்கஸ் கொட்டியது பற்றி எழுதியவர்கள் அவர்கள். ஃபைசேலியாவிடம் சிறியதும் பெரியதுமாக உறைகள் இருந்தாலும், நத்தையின் பைகளில் இருப்பவை பெரும்பாலும் பெரியவை என்று காட்டினார்கள். வலி கொடுப்பதில் வல்லவை எவையோ அவற்றையே அது வைத்துக்கொள்கிறது.

ஆக, 'உலகிலேயே கொடிய விஷம்' என்ற தலைப்புச் செய்திகளுக்கு வருவோம். எனக்கு இவற்றின்மேல் பொறுமை கிடையாது. நீல டிராகனின் நஞ்சு ஃபைசேலியாவின் நஞ்சேதான்; புதிதாக எதுவும் அது சேர்ப்பதில்லை. பெரியவற்றைப் பொறுக்கி ஒரே இடத்தில் நெருக்கமாக வைத்திருப்பதால், பட்ட இடத்தில் வலி கடுமையாக இருக்கலாம். அதே சமயம் 3 சென்டிமீட்டர் உடம்பில் எவ்வளவு சரக்கு இருந்துவிடும்? பல மீட்டர் இழைகளோடு உடம்பில் சுற்றிக்கொள்ளும் ஃபைசேலியாவைவிட இது தொடும் பரப்பு மிகக் குறைவு. கடலில் குளிப்பவர் பயப்பட வேண்டியது அந்த இழைகளுக்கு. நீல டிராகனிடம் கொட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தவர்கள்.

கொட்டினால் சுரீரென்று எரிச்சல், தோல் சிவத்தல், தடிப்பு, சிலருக்குக் கொப்புளம், குமட்டல், வாந்தி. ஆறிய பிறகும் சில நாள் கருமை தங்கலாம். முதலில் செய்ய வேண்டியது, கடல் தண்ணீரால் கழுவுவது. நல்ல தண்ணீர் ஊற்றினால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் உறைகளும் வெடிக்க வாய்ப்பு உண்டு. மணலைப் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். ஒட்டியிருப்பதை இடுக்கியாலோ ஏதாவது அட்டையாலோ எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்திருப்பது ஃபைசேலியா வலிக்கு உதவுகிறது என்று ஆஸ்திரேலியாவில் நோயாளிகளிடம் நடத்திய சோதனை காட்டியிருக்கிறது. தோல் வெந்துபோகிற அளவுக்குச் சூடு வேண்டாம். கொட்டு வாங்காத கையால் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வினிகர் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிறுநீர் ஊற்றலாம் என்பது சினிமா வைத்தியம். மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைசுற்றல் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை.

செத்துக் கிடந்தாலும் தொடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உறை வெடிக்கப் பிராணி உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

இனப்பெருக்கத்திலும் இந்த ஆயுதம் குறுக்கே வருகிறது. மற்ற நியூடிபிராங்க் நத்தைகளைப் போல நீல டிராகனும் இருபால் உயிரி. ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. சேர்ந்த பிறகு இரண்டுமே முட்டையிடும். ஆனால் மற்ற கடல் நத்தைகள் வலப்பக்கம் வலப்பக்கமாக ஒட்டி நின்று சேரும்போது, இவை வயிற்றோடு வயிறு பார்த்துச் சேர்கின்றன. பக்கவாட்டில் நெருங்கினால் இரண்டு பேரின் செராட்டாவும் மோதிக்கொள்ளும் அல்லவா? ஆண் உறுப்பு நீளமாக, வளைந்து இருப்பதும் துணையின் ஆயுதத்தைத் தாண்டி எட்டுவதற்கே என்று கருதப்படுகிறது.

முட்டைகள் கண்ணாடி போன்ற இழைகளாக வரும். தரையில் வாழும் நத்தைகள் பாறையில் ஒட்டிவிட்டுப் போகும். இங்கே பாறை எங்கே இருக்கிறது? தின்று மிஞ்சிய வெலெல்லாவின் மிதவை போன்ற எதன்மேலாவது ஒட்டும், இல்லாவிட்டால் இழைகள் தண்ணீரிலேயே மிதக்கும். பொரிக்கும் குஞ்சுக்கு ஓடு உண்டு. நத்தைப் பரம்பரையில் வந்ததற்கு மிச்சமிருக்கும் அடையாளம் அது. வளர்ந்து உருமாறும்போது ஓட்டைக் கழற்றிவிட்டுவிடும்.

சென்னைக்கு எப்படி வந்தது என்பது அடுத்தது. வங்காள விரிகுடாவுக்கு அது புதிய விருந்தாளி ஒன்றும் இல்லை. அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் மூன்றின் வெப்பமண்டல, மிதவெப்பப் பகுதிகளிலும் அது வாழ்கிறது. 1967-இல் வெளிவந்த ஒரு முக்கியமான ஆய்வு ஏடன் வளைகுடாவில் பிடித்த கிளாக்கஸ்களை வைத்தே எழுதப்பட்டது. நம்மிடமிருந்து அது தூரக் கடலில் இருப்பதால் நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். 'அரிய உயிரினம்' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல் பார்ப்பது அரிது என்ற அளவில் மட்டுமே சரி.

வடகிழக்குப் பருவகாலத்தில் வாடையும் கொண்டலும் கடலிலிருந்து நம் கிழக்குக் கரையை நோக்கி மேல்நீரைத் தள்ளும். சாதாரணக் காற்றிலேயே ப்ளூ பாட்டிலும் பார்ப்பிட்டாவும் ஒதுங்குவது உண்டு. புயல் என்றால் கேட்க வேண்டாம். வயிற்றில் காற்றை வைத்துக்கொண்டு மேல்மட்டத்தில் கிடக்கும் பிராணிக்கு, மூழ்கித் தப்பிக்கவும் வழியில்லை, எதிர்த்து நீந்தவும் வலுவில்லை. அலை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ அதுதான் முடிவு. அதனால் ஒரு நீல டிராகனைக் கண்டால் சுற்றிலும் பாருங்கள். அதன் இரைகளும் அதே அலையில் வந்து பக்கத்திலேயே கிடக்கும். அவையும் கொட்டும் என்பதால் வெறுங்காலோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இது உலகம் முழுக்க நடப்பது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒதுங்குவது பழகிப்போன காட்சி. 2020-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பாட்ரே தீவுக் கரையில் ஒதுங்கின. 2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் குவார்டமார் டெல் செகுரா என்ற ஊரில் ஓரிரண்டைக் கண்டதுமே கடலில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். மத்தியதரைக் கடலில் அது வழக்கமாகத் தென்படாதது என்பதால் அந்தப் பதற்றம். தடை கொஞ்சம் மிகை என்பது என் எண்ணம், ஆனால் கோடை விடுமுறைக் கூட்டத்தை நிர்வகிக்கிறவர்களின் கவலை வேறு.

பெயரின் வரலாற்றைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் 1772-இல் ரெசல்யூஷன் கப்பல் கிளம்பியபோது, இயற்கை ஆய்வாளரான தன் அப்பாவோடு ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்ற 17 வயதுப் பையனும் ஏறினான். இந்தப் பிராணிக்கு 1777-இல் பெயர் வைத்தது அவன்தான். அட்லாண்டிக் என்று பெயரில் ஒட்டிக்கொண்டது, மூன்று பெருங்கடலில் வாழும் பிராணிக்கு அவ்வளவு பொருத்தமில்லைதான்.

ஒரே இனமா இத்தனை கடலிலும் என்ற சந்தேகம் நியாயமானது. மரபணு ஆய்வுகள் ஆம் என்கின்றன, ஒரு நிபந்தனையோடு. 2014-இல் வந்த ஆய்வின்படி கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் எல்லாக் கடல்களிலும் ஒரே இனம்தான், ஆனால் ஆப்பிரிக்க-ஆசியப் பெருநிலமும் அமெரிக்கக் கண்டங்களும் அதன் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதைத் தடுக்கும் சுவர்களாக இருக்கின்றன. மிதந்தே வாழும் பிராணிக்கும் உலகம் திறந்தவெளி இல்லை. அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில் இதன் தம்பி கிளாக்கஸ் மார்ஜினேட்டஸைப் பிரித்துப் பார்த்தபோது வேறு கதை வந்தது. ஒன்று என்று நினைத்திருந்தது நான்கு இனங்கள். புதிய மூன்றில் ஒன்று தாம்சன் பெயரில், ஒன்று பென்னெட் பெயரில். கொட்டும் ரகசியத்தை எழுதிய அதே இருவர். இன்னொன்று, தாம்சனோடு ஏடன் வளைகுடாக் கட்டுரையை எழுதிய மக்ஃபார்லேன் பெயரில். 2025-இல் ஃபைசேலியாவுக்கும் இதே கதி: ஒரே இனம் என்று கருதப்பட்டது நான்காகப் பிரிந்தது. கடல் மேற்பரப்பைப் பற்றிய நம் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு இது போதும்.

இன்னொரு சங்கடமான ஆய்வும் இருக்கிறது. வட பசிபிக்கில் காற்றும் நீரோட்டமும் சுழன்று பிளாஸ்டிக் குப்பை சேரும் பெரும்பகுதி ஒன்று உண்டு. 2019-இல் அதன் குறுக்கே நீச்சல் பயணம் போன ஒருவரின் துணைக்கப்பல் குழுவினர் வலை போட்டு மாதிரிகள் எடுத்தார்கள். அவற்றை வைத்து 2023-இல் வந்த கட்டுரை, வெலெல்லா, பார்ப்பிட்டா, ஜாந்தினா மூன்றும் பிளாஸ்டிக் அதிகமுள்ள இடத்திலேயே அதிகமாக இருப்பதைக் காட்டியது. காரணம் எளிது: மிதக்கிற எதையும் சுழல் ஒரே இடத்தில்தான் சேர்க்கும், அது உயிரா குப்பையா என்று பார்ப்பதில்லை. நீல டிராகன் அந்த மாதிரிகளில் குறைவு, அதனால் அதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன் சாப்பாடு அங்கே இருக்கிறது. மேற்பரப்பை வலை போட்டு அரித்துக் குப்பையை வாரும் திட்டங்களைப் பற்றிக் கடல் உயிரியலாளர்கள் சிலர் கவலைப்படுவது இதனால்தான்.

தொட்டியில் வளர்க்கலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். வேண்டாம். அதற்கு உயிருள்ள ஃபைசேலியாவோ வெலெல்லாவோ வேண்டும், அதுவும் தொடர்ந்து. இரண்டு நீல டிராகன்களைப் பசியோடு சேர்த்து வைத்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

கரையில் பார்த்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அருகில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்துப் படம் எடுங்கள். கையால் திருப்பாமல், குச்சியால் ஒரு சிரட்டையிலோ கப்பிலோ கடல் தண்ணீரோடு எடுத்து வைத்தால் செராட்டா மறுபடி விரியும். படத்தைத் தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றினால் அது ஆய்வாளர்களுக்குப் பயன்படும் தகவல். படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு கொத்திலும் செராட்டா ஒற்றை வரிசையாக விசிறி போல் விரிந்திருந்தால் அது கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசையில் நெருக்கியடித்து, உடலும் சிறியதாக இருந்தால் அது மார்ஜினேட்டஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டம் இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் வாழ்வது, ஆகவே நம் கரையில் இரண்டில் எது வேண்டுமானாலும் ஒதுங்கலாம். விரல்கள் தெளிவாகத் தெரியும்படி மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் இருந்தால் எது என்று சொல்லிவிடலாம்.